ஆறாம் எண்ணின் நிறம்

14.9.98, திங்கள்

திருவனந்தபுரம் போய் வந்தேன். கணினி மையத்தில் எங்கள் பஞ்சாயத்தின் நில வரைபடத்தைத் திரையில் காட்டினார்கள். கோடையில் ஊர்த் தொண்டர்கள் வயல் வயலாக நடந்து எழுதிய விவரம். வாய்க்கால் ஓரம் வீடுள்ள பதினான்கு கட்டங்கள் சிவப்பு. அருகில் நிறக்குறிப்பு: சிவப்பு, புறம்போக்கு. மூன்று முறை எண்ணினேன். சர்வே எண்களைக் குறித்துக்கொண்டேன். பாறசாலையில் பஸ் இறங்கியதும் பத்திரிகைக்குச் செய்தியைப் போனில் சொல்லிவிட்டேன்.

16.9.98

முதல் பக்கம். ‘அரசு நிலத்தில் பதினான்கு வீடுகள்.’ பெயர்கள் இல்லை, சர்வே எண்கள் மட்டும். ஒன்றுகூடப் பிழையில்லை.

21.9.98

காலையில் தங்கபாய் வாசலில் நின்றாள். பள்ளிக்கூடத்தில் கஞ்சி வைக்கிறவள், கணவன் இல்லை. கையில் என் செய்தி.

“அண்ணா, இந்த இருநூத்திப் பதினாலுல மூணு யாருக்கதுன்னு தெரியுமா?”

தெரியாது என்றேன்.

“எனக்க வீடாக்கும். ஆதாரத்துல சாட்சி போட்டதும் நீங்களாக்கும்.”

பத்திரத்தை விரித்தாள். 1974. என் கையெழுத்து. இருபத்து நான்கு வருடமாக அந்த வீட்டைத் தாண்டித்தான் பஸ் ஏறப் போகிறேன். எண்களை மூன்று முறை எண்ணினேனே, ஒரு முறை அங்கே நடந்து போய்ப் பார்த்தேனா?

புறம்போக்கில் வீடு கட்டித் தர முடியாது என்று வீட்டுத் திட்டத்திலிருந்து அவள் பெயரை வெட்டிவிட்டார்கள். அக்டோபர் நாலாம் தேதி கிராமசபையில் பட்டியல் முடிவாகும்.

“எனக்க ஓலை இந்தத் துலாமழைக்கு நிக்காது அண்ணா” என்றாள். ஐப்பசி மழைக்கு ஒரு மாதம்கூட இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

24.9.98

மையத்தில் படம் போடுகிறவர் பிரேமகுமாரி. பொறுமையாகச் சொன்னார்: “உள்ள நிறம்னு ஒண்ணும் கிடையாது சார். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு எண் உண்டு, அவ்வளவுதான். எந்த எண்ணுக்கு எந்த நிறம்னு தனியா ஒரு பட்டியல் இருக்கு. எல்லாப் பஞ்சாயத்துக்கும் ஒரே பட்டியல். அதுல நாலு, புறம்போக்கு. ஆறு, வீட்டுத் தோட்டம். உங்க ஊர்ல எதைப் பாத்து எண் எழுதினாங்க?”

எனக்குத் தெரியவில்லை. முப்பத்தோரு வருடம் நிருபர். யார் என்ன சொன்னாலும், உமக்கு யார் சொன்னது என்று கேட்டவன். ஒரு நிறத்தைக் கேட்கவில்லை.

25.9.98

எண்களை எழுதியவர் சத்தியராஜ். எல்லைக்கு அப்பால், தமிழ்நாட்டு விளவங்கோடு தாலுகாவில் சர்வேயராக இருந்து ஓய்வுபெற்றவர். மனைவி வீடு இங்கே. பழைய நோட்டைக் காட்டினார். நாலு, வீட்டுத் தோட்டம். ஆறு, புறம்போக்கு.

“முப்பது வருசம் எழுதின நம்பராக்கும். எல்லைக்கு இந்தாண்ட வேறன்னு எவன் சொன்னான்?”

எல்லாவற்றையும் சரிசெய்யச் சொல்கிறேன் என்றேன். நோட்டை மூடினார். “எல்லாத்தையுமா? தங்கபாய்க்கதை மட்டும் மாத்துனா போதாதா சதாசிவா?”

ஏன் என்றேன்.

“சும்மா கேட்டேன், மக்கா.”

28.9.98

பிரேமகுமாரி விவரத்தைத் தொடவில்லை. எங்கள் ஊருக்கு மட்டும் சத்தியராஜின் பட்டியலைப் பொருத்தினார். ஒரு கணம்தான். பதினான்கு சிவப்பும் வீட்டுத் தோட்டப் பச்சையாயின. வேறிடத்தில் ஏழு பச்சைகள் சிவந்தன.

பழக்கத்தில் எழுதிக்கொண்டே போனேன். நாலாவது எண்ணில் கை நின்றது. 219/1.

இன்னொரு முறை பார்த்தேன். அதுவேதான். அப்பா காலத்தில் எங்கள் வீட்டின் பின்னால் சேர்த்துக் கட்டிய அடுக்களை. கிணறு.

“சார், தண்ணி வேணுமா?” என்று கேட்டார் பிரேமகுமாரி.

29.9.98

சத்தியராஜிடம் போனேன். என் அடுக்களை புறம்போக்கில் நிற்பது முன்பே தெரியுமா என்று கேட்டேன்.

“அளந்தவன் நானாக்கும். எழுதி வெச்சேன். நீ கேட்டியா?”

இல்லை. கேட்கவில்லை.

4.10.98

கிராமசபை. புதிய படத்தைச் சுவரில் மாட்டியிருந்தார்கள். ஓரத்தில் எண் பட்டியலும், அது யாருடையது என்பதும். வீட்டுப் பட்டியலில் தங்கபாயின் பெயரை வாசித்தார்கள். அவள் என் பக்கம் திரும்பவில்லை.

5.10.98

திருத்தத்தைப் போனில் சொன்னேன். பிழை நிருபருடையது. உண்மையான புறம்போக்கு ஏழு இடங்கள். நாலாவது, இந்த நிருபரின் அடுக்களையும் கிணறும்.

“அந்தக் கடைசி வரி வேணுமா?” என்றார் ஆசிரியர்.

போன தடவை பதினான்கு பேருக்காக இதை யாரும் கேட்கவில்லை என்றேன்.

12.11.98

என் அடுக்களையையும் கிணற்றையும் அளக்கத் தாலுகாவிலிருந்து அடுத்த வியாழன் வருகிறார்கள். தங்கபாய் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டியாயிற்று. மத்தியானம் வாளியோடு வந்தாள்.

“அண்ணா, சாந்து குழைக்க உங்க கிணத்துல தண்ணி எடுக்கட்டா?”

இனி அது ஊர்க் கிணறு, என்னைக் கேட்க வேண்டியதில்லை என்றேன்.

“ஆமா, அதுவும் உண்டு” என்று சொல்லி வாளியை இறக்கினாள்.