ஆணி அடிக்காத கயிறு

முதல் நாள், காலை 8.20
வெப்பம் கழித்தல் 71. காற்று குறைவு. மூட்டை ஆளுக்கு முப்பது கிலோ; இங்கே அது பதினோரு கிலோ போலத்தான் இருக்கிறது.

இதைக் கண்டெடுப்பவருக்கு: என் பெயர் நஞ்சன். வயது அறுபத்தெட்டு. செவ்வாயில் தெற்கு நிலையத்தின் மலையேற்றப் பிரிவில் வேலை. போன பருவம்வரை வாயால்தான் பதிவு செய்தேன். பிறகு பொறியாளர் ரெஜினா மேடம் எழுத்து சொல்லிக்கொடுத்தார். நானே எழுதும் முதல் பயணக் குறிப்பு இது. 'வெப்பம்' என்று மூன்று தடவை எழுதிப் பார்த்தேன். மூன்றும் சரி.

உடன் வருபவன் பெள்ளன், என் மனைவி மாதியின் தம்பி. வேலை: கொம்பு முகட்டில் ஏறி, போன பருவத்தில் வைத்த காற்றுமானிப் பெட்டியை எடுத்து வருவது. உறைபனியில் வண்டி வழுக்கும் என்பதால் நடை.

இரண்டாம் நாள், மாலை 4.45
முகட்டுக்குக் கீழே, தோள்பட்டை போன்ற திட்டில் கூடாரம். நடந்தது பதினான்கு கிலோமீட்டர். கடைசி இரண்டு மணி நேரம் கையும் காலும் சேர்த்துத் தொற்றி ஏறினோம். பாறை நல்ல பாறை. பிடித்தால் பிடிக்கிறது.

பருவம் தொடங்கிப் பதினோரு நாள்தான் ஆகிறது. நிழல் பக்கமெல்லாம் கார்பன் உறைபனி, முழங்கால் அளவு. வெயில் பட்டால் இது தண்ணீராகாது. அடியிலிருந்து ஆவியாகி, மொத்தமாகச் சறுக்கும்.

இடது கையுறையின் சூடேற்றி வேலை செய்யவில்லை. விரல் நுனிகள் மரத்திருக்கின்றன. வலது கை நன்றாக இருக்கிறது. எழுதும் கை அதுதான், அதனால் கவலையில்லை.

பெள்ளன் வானொலியில் கேலி செய்கிறான்: "என்ன மாமா, இன்னும் எழுதி முடியலையா? கல்யாணப் பத்திரிகையா அது?"

மூன்றாம் நாள், காலை 9.05
முகடு ஏறியாயிற்று. இருபுறமும் செங்குத்து. மேற்கே முந்நூறு மீட்டர் வெறும் பள்ளம். பெட்டி அந்தப் பக்கம், நாற்பது மீட்டர் கீழே பாறையில் இருக்கிறது. இறங்குவது நான்.

இதை ஒளிக்காமல் எழுதுகிறேன். நிலையத்தின் விதி, பாறையில் ஆணி அடித்துக் கயிற்றை அதில் மாட்ட வேண்டும் என்பது. எங்கள் ஊர் மலையில் தேனெடுக்க இறங்குகிறவனுக்கு மேலே கயிறு பிடிப்பது மனைவியின் உடன்பிறந்தவன். வேறு யாரும் இல்லை. அக்கா தனியாகிவிடக் கூடாது என்று அவன் கை விடாது. அவன் இருக்கும்போது கயிற்றை மரத்திலோ கல்லிலோ கட்டினால், உன்னை நம்பவில்லை என்று அவன் முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி.

ரெஜினா மேடம் வானொலியில் கேட்டார்: "நஞ்சன் ஐயா, ஆணி அடிச்சாச்சா?"

"ஆச்சுங்க மேடம்" என்றேன்.

பெள்ளன் கயிற்றைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு சிரித்தான்: "ஆணிக்கு ஏது மாமா அக்கா?"

மூன்றாம் நாள், காலை 10.32
தொங்கிக்கொண்டு எழுதுகிறேன். எழுத்துப் பலகை தொடையில் கட்டியிருக்கிறது.

9.50க்கு வெயில் முகட்டைத் தொட்டது. உறைபனி சறுக்கியது. பெள்ளனைக் கிழக்குப் பக்கம் இழுத்துப் போய்விட்டது. கயிறு முகட்டின் மேல் கிடக்கிறது. ஒரு முனையில் நான், மறு முனையில் அவன். என் எடையில் அவன் நிற்கிறான், அவன் எடையில் நான் நிற்கிறேன். மேலே பாறை துருத்திக்கொண்டிருக்கிறது, எட்டவில்லை. கயிற்றில் ஏற இடது கை பிடிக்க மாட்டேன் என்கிறது. ஆணித் துப்பாக்கி இருந்த மூட்டை பனியோடு போய்விட்டது.

அவனுக்குக் கால் முறிவு. காற்றுக்குடுவை கசிகிறது. அவன் வானொலி என்னை மட்டுமே எட்டுகிறது. நிலையத்துக்கு நான் சொல்கிறேன். ரெஜினா மேடம் பனியைப் பார்க்காமல் வண்டியோடு கிளம்பிவிட்டார், தனியாக.

மூன்றாம் நாள், காலை 11.40
பெள்ளனுக்கு அறுபது நிமிடக் காற்று. எனக்கு ஒன்பது மணி நேரம்.

இடது கையில் தோள்வரை உணர்வில்லை. பயம் வர வேண்டும், வரவில்லை. அது இருக்கும் இடமும் மரத்திருக்கிறது போல.

பெள்ளன்: "மாமா, மேடத்துகிட்ட உண்மையச் சொல்லுங்க. முதல்ல உங்களைக் கட்டச் சொல்லுங்க. என்னைத் தூக்குனா நீங்க போயிருவீங்க."

"உனக்குக் காத்து இருக்காதுடா."

"அக்கா என்னை வீட்டுக்குள்ளயே விடாது மாமா. வாசல்லயே நிக்க வச்சிரும்."

"உன்னைச் சின்ன வயசுலயே அவ வெளிய நிக்க வச்சிருக்கணும். இப்ப வாயை மூடு. பேசினா காத்து செலவாகும்."

சிரித்தான். இருமல் அதிகம்.

மூன்றாம் நாள், பகல் 12.22
வானொலியில் பெள்ளனின் மூச்சு மட்டும் கேட்கிறது.

வண்டி கிழக்குச் சரிவுக்கு வந்துவிட்டது. அங்கிருந்து என்னைப் பார்க்க முடியாது. தூக்கும் கொக்கி ஒன்றுதான். கயிற்றை அது பிடித்தால் அவனைத் தூக்க முடியாது. மேடம் முகட்டில் ஏறி ஆணி அடிக்க அரை மணி நேரம் ஆகும். அவனுக்கு இருப்பது பதினெட்டு நிமிடம். கணக்கு எனக்கு முன்பிருந்தே வரும். எழுத்துதான் புதிது.

உண்மையை வாயால் சொன்னால் அது இப்போதே போய்ச் சேர்ந்துவிடும். மேடம் முகட்டில் ஏறுவார். எழுதினால் காத்திருக்கும். யாராவது வந்து படிக்கும்வரை ஒன்றும் செய்யாமல் கிடக்கும். இது எவ்வளவு நல்ல விஷயம் என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

மேடத்திடம் சொன்னேன்: "எனக்கு அவசரமில்லைங்க. ஆணி உறுதியா இருக்கு. அவனை முதல்ல பாருங்க."

மூன்றாம் நாள், பகல் 12.31
கொக்கி அவனைப் பிடித்துவிட்டது. மேடம் சொல்கிறார், அவன் கண் லேசாகத் திறக்கிறது என்று.

ரெஜினா மேடம் மேல் தவறில்லை. பொய் சொன்னது நான், இரண்டு தடவை. மாதிக்கு எழுத்து தெரியாது. இதை மேடம் அவளுக்கு வாசித்துக் காட்டட்டும். பெள்ளன் கையில் கொடுக்க வேண்டாம். அவனிடம் ஆணி பெயர்ந்துவிட்டது என்று சொல்லுங்கள். நம்ப மாட்டான். இருந்தாலும் சொல்லுங்கள்.

12.33
"நஞ்சன் ஐயா, இவர் இடுப்புல ஒரு கயிறு விறைப்பா இருக்கு. இதுதான் இழுத்துப் பிடிக்குது, வண்டிப் பக்கம் வர விடல. இது உங்க கயிறா?"

"இல்லைங்க மேடம். எங்கயோ பாறையில சிக்கின பழைய கயிறு."

"அறுத்துடவா?"

எழுத்து நேராக வருகிறது, பாருங்கள்.

"அறுங்க மேடம்" என்றேன். கத்தி கயிற்றில் பட்டதும் அதிர்வு இங்கேவரை தெரிகிறது. ஒரு இழை. இன்னும் ஒரு இ