கெசையாவின் பதில்

அன்புள்ள கணவனுக்கு,

உன் பிறந்தநாளுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தர, உன் மூதாதையின் வழக்குத்தாளைத் தேடி இங்கிலாந்தின் லிங்கன் நகர் வரை வந்தேன் அல்லவா, கிடைத்துவிட்டது. கைதிகளின் வம்சம் நிறைந்த நம் ஹோபார்ட்டில் எல்லாரையும் போல நீயும், "ரொட்டி திருடிக் கப்பலேறினவன்டி எங்காளு!" என்று விருந்துக்கு விருந்து சிரிப்பாய்.

ஜோசையா தர்ல்பி ரொட்டி திருடவில்லை. மனைவி கெசையாவை இரும்புக் கம்பியால் அடித்ததற்காகவே ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தினார்கள். நீதிபதியிடம் அவள் முதலில், "படியில விழுந்துட்டேன்யா" என்றுதான் சொல்லியிருக்கிறாள்.

தாளை எடுத்துத் தந்த ஆவணக் காப்பக அம்மாள் என் மணிக்கட்டைப் பார்த்து, "என்னம்மா இது, இப்படிக் கன்னிப்போயிருக்கு?" என்றாள். எனக்கும் அதே "படியில விழுந்துட்டேன்"தான் வாயில் வந்தது.

ஆறு வருடம் கழித்து, திருந்திவிட்டேன், மனைவியை அனுப்பிவையுங்கள் என்று ஜோசையா அங்கிருந்து மனுப் போட்டான். அரசாங்கம் கப்பலில் இலவசமாக இடம் கொடுத்தது. வழக்குத்தாளோடு இருந்த அந்த மனுவின் ஓரத்தில் அவள் பதில் இருக்கிறது: "போகமாட்டேன்." எழுதத் தெரியாதவள், கீழே ஒரு பெருக்கல் குறி. பிறகு அவன் வேறொருத்தியைக் கட்டியதில் வந்ததுதான் உங்கள் வம்சம்.

நேற்று நீ போனில், "டிக்கெட் போட்டாச்சு, வியாழக்கிழமை ஒழுங்கா வந்து சேரு. இனிமே கை ஓங்க மாட்டேன்டி" என்றாய்.

இரண்டின் நகலையும் இத்துடன் வைத்திருக்கிறேன். விமான நிலையத்துக்கு வர வேண்டாம். எழுதத் தெரிந்த நானும் அவள் குறியையே இடுகிறேன்.

×