கம்பியின் மறுமுனை

அன்புள்ள அம்மாவுக்கு,

முதலில் என் கண்ணில் பட்டது பஞ்சுதான். அப்பா வெளியே நின்று சுவருக்குள் வாளி வாளியாகச் சுண்ணாம்புக் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தார். உள்ளே என் கையில் இருந்த பஞ்சு நனையவே இல்லை.

எல்லாரும் சௌக்கியம் என்று எழுத ஆசைதான். அதை எழுத முடியாததால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நேற்று போனில் நீ கேட்டதற்கெல்லாம் நான் "ம்" மட்டும் சொன்னேன். போனைக் காதில் வைத்தாலே எனக்குப் பேச்சு வராது, உனக்குத் தெரியாததா. பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டால் "உள்ளேன்" சொல்ல வராமல்தானே படிப்பையே விட்டேன். பக்கத்தில் சின்ன மாமா வேறு நின்றுகொண்டிருந்தார். எழுதினால் எனக்குச் சொல்ல வரும். முடித்ததும் படம் எடுத்து உன் போனுக்கு அனுப்புகிறேன். நீ பார்த்துக்கொள்ளும் அந்த நோயாளியம்மா தூங்கும் நேரத்தில் நிதானமாகப் படி.

மாமா உன்னிடம் என்ன சொல்லியிருப்பார் என்று தெரியும். அப்பாவுக்குப் புத்தி பிசகிவிட்டது, சுவருக்குள் ஆள் இருக்கிறது என்கிறார், வாளியை எட்டி உதைத்தார், ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்று. நீயும் சரி என்றாயாம். இன்று சாயங்காலம் வண்டி வருகிறது. வாளியை உதைத்தது உண்மை. மற்றதை நான் பார்த்தபடி எழுதுகிறேன். படித்துவிட்டு முடிவு செய்.

அருங்காட்சியகத்துக்குப் பக்கத்திலேயே புதுக் கட்டடம் எழும்புவது உனக்குத் தெரியும். பழைய கட்டடத்தின் மேற்குச் சுவரில்தான் இரண்டையும் சேர்க்கிறார்கள். அந்தச் சுவரின் உள்பக்கம் முழுக்க ஓர் ஓவியம். ஆற்றங்கரையில் ஒரு கூட்டம் படகுக்குக் காத்து நிற்கிறது. மாட்டியிருந்த மற்ற படங்களையெல்லாம் துணி சுற்றி எடுத்துப் போய்விட்டார்கள். இது சுவரிலேயே வரைந்தது, எங்கே எடுத்துப் போக? அதனால் அந்தப் பெரிய கூடத்தில் இப்போது ஆற்றங்கரைக்காரர்களும் நானும்தான்.

அந்தக் காலத்தில் இரண்டு சுவர் எழுப்பி நடுவில் கல்லும் மண்ணும் கொட்டி நிரப்பியிருக்கிறார்கள். நடு மண் இறங்கி உள்ளே வெற்றிடம் விழுந்துவிட்டது. விரலால் தட்டினால் காலிப் பானை மாதிரி சத்தம். பெரிய இடமெல்லாம் இல்லை. பூனை புகுந்தால் திரும்ப முடியாது என்று இன்ஜினியர் சொன்னார். அதை நிரப்பினால்தான் புதுக் கட்டடத்தின் பாரத்தை இந்தச் சுவர் தாங்கும். வெளியே துளை போட்டு, புனல் வைத்து அப்பா குழம்பை ஊற்ற வேண்டும். உள்ளே ஓவியத்தின் வெடிப்புகளில் கசிகிறதா என்று பார்த்து நான் பஞ்சை வைத்து ஒற்ற வேண்டும். பூச்சு உப்பினால் உடனே நிறுத்தச் சொல்ல வேண்டும். பொறுமையான கை வேண்டும் என்றுதான் வேலையைக் காண்டிராக்ட் எடுத்த மாமா என்னைச் சேர்த்துவிட்டார். வேலையாட்கள் எனக்கு "மியூட்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பழகிவிட்டது.

சுவர் அவ்வளவு தடிமன். கத்தினாலும் அந்தப் பக்கம் கேட்காது, நான் கத்தவும் மாட்டேன். அதற்கு அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். சுவரைப் பிடித்து நிறுத்த முன்பு எப்போதோ குறுக்கே ஓர் இரும்புக் கம்பி போட்டிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் அதன் முனையில் வட்டத் தகடு இருக்கிறது. என் பக்கத்துத் தகடு படத்துக்குக் கீழே, நான் உட்கார்ந்தால் கைக்கு எட்டும். சின்னச் சுத்தியலால் ஒரு தரம் தட்டினால் ஊற்று. இரண்டு தரம் தட்டினால் நிறுத்து. கேட்டுவிட்டது என்பதற்கு அப்பாவும் அதையே திருப்பித் தட்டுவார்.

நன்றாகத்தான் போனது. அப்பாவின் பதில் மட்டும் எப்போதும் கொஞ்சம் தாமதமாக வரும். சுத்தியலை எங்கேயோ வைத்துவிட்டுத் தேடுகிறார் என்று நினைத்துக்கொள்வேன். வீட்டுக்கு வந்தால் அவர் என்னைச் சொல்வார். "வாய்தான் மெதுன்னு நெனச்சேன், உன் கையுமா பாப்பா?" என்பார்.

பிறகுதான் பஞ்சு நனையாமல் போனது. அப்பா ஊற்றிக்கொண்டே இருக்கிறார், எங்கும் கசியவில்லை, பூச்சு உப்பவில்லை, காலிப் பானைச் சத்தமும் மாறவில்லை. அடித்தளம் வழியாக எங்கேயோ போகிறதோ என்று தோண்டிப் பார்த்தார்கள். மண் காய்ந்து கிடந்தது.

அதற்கப்புறம் ஒருநாள் நான் ஊற்றச் சொல்லி ஒரு தரம் தட்டினேன். பதில் இரண்டாக வந்தது. மறுபடி ஒன்று தட்டினேன். மறுபடி இரண்டு. எழுந்து வெளியே ஓடிப் போய்ப் பார்த்தால் அப்பா புனலை மூடிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். "நீதானே நிறுத்தச் சொன்ன?" என்கிறார். நான் இல்லை என்று தலையாட்டினேன். அன்று முழுக்க இப்படித்தான். நான் ஒன்று தட்டினால் அவருக்கு இரண்டாகப் போகிறது. மாமா வந்து, "அப்பனும் மகளும் கம்பியில தாளம் போட்டு வெளையாடுறீங்களா? திறப்பு விழாவுக்கு ஆள் அழைச்சாச்சு மச்சான்" என்று சத்தம் போட்டார். "மாப்ள, அவ தட்டுறது வேற, எனக்கு வர்றது வேற" என்றார் அப்பா. மாமா சிரித்துவிட்டார்.

மறுநாள் மாமாவே புனலைப் பிடித்தார். தட்டலும் வேண்டாம் கிட்டலும் வேண்டாம், நான் ஊற்றுகிறேன் என்றார். அப்பா உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். சுத்தியல் தரையில் கிடந்தது. வெளியே கலவை மெஷின் ஓடும் சத்தம் ஜன்னல் வழியாக வந்தது. ஊற்ற ஆரம்பித்திருப்பார்கள்.

அம்மா, கம்பி தானாகத் தட்டியது. இரண்டு. கொஞ்சம் விட்டு இரண்டு. பிறகு விடாமல் இரண்டு, இரண்டு, இரண்டு. நான் தகட்டின் மேல் விரலை வைத்திருந்தேன், அது விரலில் அடித்தது. அப்பா என் முகத்தைப் பார்த்தார், நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் எழுந்து ஓடினார். வாளியை உதைத்தது அப்போதுதான். உதைத்த பிறகு கம்பி நின்றுவிட்டது. மெஷின் சத்தத்தில் வெளியே யாருக்கும் எதுவும் கேட்டிருக்கவில்லை.

இன்ஜினியர் வந்து, வெயிலில் இரும்பு நீளும், அப்போது இப்படிச் சத்தம் வரும் என்று பொறுமையாகச் சொன்னார். "இரும்பு ரெண்டு ரெண்டா எண்ணுமா சார்?" என்று அப்பா கேட்டார். வேலையாட்கள் சிரித்தார்கள். இன்ஜினியர் என் பக்கம் திரும்பி, "நீ கேட்டியாம்மா?" என்றார். அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அதற்குள் அவருக்குப் போன் வந்து அவர் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார். "பாத்தீங்களா, அவளே ஒண்ணும் சொல்லல" என்றார் மாமா.

நேற்று மதியம் அப்பா என்னைக் கூப்பிட்டு வெளிப்பக்கத் தகட்டைப் பிடித்து இழுத்தார். கம்பி வரவே வராது என்று நினைத்தேன். உறையிலிருந்து கத்தி வருகிற மாதிரி வந்தது. முழங்கை நீளம்தான் இருந்தது. அவ்வளவுதான் அம்மா. சுவர் அதைப் போலப் பல மடங்கு தடிமன். உடைந்த முனை துருப்பிடித்திருக்க வேண்டுமே, இல்லை. தினமும் கைபட்ட கதவுக் கைப்பிடி மாதிரி வழவழப்பாக இருந்தது. அப்பா டார்ச் அடித்துப் பார்த்தார். வெளிச்சம் எதிலும் பட்டுத் திரும்பவில்லை. நீளமான குச்சி ஒன்றை விட்டு எடுத்தார். நுனியில் ஒரு பொட்டுச் சுண்ணாம்பு ஒட்டவில்லை.

நான் தட்டியது அப்பாவுக்கும் அவர் தட்டியது எனக்கும் அந்தக் கம்பி வழியாகப் போகவே இல்லை. இத்தனை நாளும் நடுவில் இருந்து வாங்கிக் கொடுத்தது யார்? அப்பா அதை ஒரு தரம்தான் கேட்டார். பிறகு சுவரடியில் உட்கார்ந்து, "இவ்வளவு நாள் நமக்கு வேல செஞ்சவங்க தலையில ஊத்தியிருக்கோம் பாப்பா" என்றார். அதைத்தான் மாமா கேட்டுவிட்டு உனக்குப் போன் செய்தார். அப்பா கத்தவில்லை, யாரையும் அடிக்கவில்லை. சாதம் போட்டால் சாப்பிடுகிறார். ராத்திரி தூங்குகிறார். என் தலையைத் தடவி, பயப்படாதே என்கிறார்.

இன்று அழுத்தமாகத் தள்ளுகிற பம்ப் ஒன்றை வாடகைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஒரே மூச்சில் நிரப்பிவிடுமாம். அப்பாவை உள்ளே விடவில்லை, வாசல் கேட்டுக்கு வெளியே நிற்கிறார். என்னைக் கூடத்தில் உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். எல்லாரும் சாப்பிடப் போயிருக்கிற நேரத்தில் இதை எழுதுகிறேன்.

அம்மா, அப்பா கேட்டதை நானும் கேட்டேன். அவருக்குப் பைத்தியம் என்றால் எனக்கும்தான். மாமாவுக்கு நீ போன் செய். அவரை எங்கும் அனுப்ப வேண்டாம் என்று சொல். பம்பைப் போடாமல், வெளிப்பக்கத்தில் நாலு கல்லை மட்டும் எடுத்துப் பார்க்கச் சொல். நான் சொல்லி யாரும் கேட்க மாட்டார்கள். நீ அவருக்கு அக்கா, உன் பேச்சைத் தட்ட மாட்டார். அங்கே குளிராம், கால் வலியோடு நிற்காதே. நேரத்துக்குச் சாப்பிடு. நீ நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன்.

உன் அன்பு மகள்

இதைப் படம் எடுக்கப் போனேன், அதற்குள் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டார்கள். பம்ப் ஓட ஆரம்பித்துவிட்டது, குழாயை இன்னும் துளையில் மாட்டவில்லை. மாமா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "ரெடின்னா தலையாட்டு பாப்பா, போதும்" என்றார். நான் ஆட்டவில்லை. என் பக்கத்துத் தகட்டைப் பிடித்து இழுத்தேன். கம்பி சுலபமாக வந்துவிட்டது. இதுவும் குட்டைதான். தகடு மூடியிருந்த துளை பெரியது. வளையலைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, இடது கையைத் தோள் வரைக்கும் உள்ளே விட்டு, விரல்களை விரித்து வைத்துக்கொண்டேன். நான் கையை எடுக்கும்வரை அவர்களால் எதையும் ஊற்ற முடியாது. மாமா என்னைக் கூப்பிட்டுக்கொண்டே ஓடி வருகிறார். இந்த வரிகளை வலது கையால் எழுதுகிறேன்.