உன் நோட்டு இங்கே இருக்கிறது

என் அன்புப் பெரியவளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பா நலம், உன் தங்கை நலம், நானும் நலம், வலது மணிக்கட்டு ஒன்றைத் தவிர. அங்கே நீ தலை முதல் கால் வரை சௌக்கியமாக இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. கையெழுத்தைப் பார்த்ததுமே கண்டுபிடித்திருப்பாய், நான் சொல்லச் சொல்லச் சின்னவள்தான் எழுதுகிறாள். உன்னைப் பற்றியும் என்னைப் பற்றியும் கனமான சமாச்சாரம் வரும், எழுத உனக்கு இஷ்டமா என்று முதலில் அவளைக் கேட்டேன். "எழுதறேன், ஆனா பேச்சுத் தமிழ் என் பேனாவுல வராது" என்றாள். அதனால் நான் சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலைவாரி, சட்டை மாட்டித்தான் காகிதத்தில் இறக்குகிறாள். நடை நன்றாக இருந்தால் பெருமை அவளுக்கு, விஷயம் உறுத்தினால் பொறுப்பு எனக்கு.

கை உடைந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். கூடத்து ஜன்னலுக்குத் திரைத்துணி வாங்கப் போனேன், நீலமும் மஞ்சளும் எடுத்துப் போட்டார்கள், முக்கால் மணி நேரம் நின்றேன். ஆறு வருஷமாகப் பிரார்த்தனை மண்டபத்து வழிகாட்டியைக் கேட்காமல் ஒரு தலையணை உறைகூட மாற்றாதவள் இல்லையா நான். கடைக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அக்கா, திரைதானே, வீட்டையா வாங்கறீங்க?" என்றார். மஞ்சளை வாங்கினேன். நானே முடிவெடுத்து, நானே ஸ்டூலில் ஏறி, நானே விழுந்தேன். மாவுக்கட்டு போட்டுத் திரும்பும்போது உன் அப்பா, "பரவால்ல, யாரும் தள்ளிவிடாம நீயா விழுந்திருக்க, முன்னேற்றம்தான்" என்கிறார். அவர் வாய்க்கு ஒரு திரை வாங்கலாம் என்று இருக்கிறேன்.

மண்டபத்தை விட்டு வந்து எட்டு மாதம் ஆகிறது. அதை அப்பா போனில் சொல்லியிருப்பார், எப்படி என்று சொல்லியிருக்க மாட்டார். சின்னவளின் கதைப் புத்தகங்களை மூட்டை கட்டிக் கொண்டுவரச் சொன்னார் வழிகாட்டி, நானும் கட்ட உட்கார்ந்தேன். அவள் அழவில்லை, சண்டை போடவில்லை, ஒவ்வொரு புத்தகத்திலும் படித்து நிறுத்திய இடத்தில் ஒரு காகிதத் துண்டைச் செருகிக்கொண்டே வந்தாள். எதற்குடி என்றால், "என்னைக்காவது திரும்பி வந்தா தேட வேணாமே" என்றாள். மூட்டையை அவிழ்த்துவிட்டேன், அதோடு மண்டபத்தையும் விட்டேன். உன் விஷயத்தில் வராத புத்தி அன்றைக்கு வந்தது. பிறகு நான் துணி தேய்க்கும் ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ்தான், இப்படிப்பட்ட இடங்களிலிருந்து அடிபட்டு வந்தவர்களோடு பேசுவதற்கென்றே ஓர் ஆலோசகர் இருக்கிறார் என்று சொல்லி அனுப்பினார். கண்ணாடிக் கடைக்கு மேலே இரண்டாம் மாடி, சின்ன அறை, இரண்டு நாற்காலி. கதவுக்குப் பக்கத்து நாற்காலியை எனக்குக் கொடுத்தார், எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாமாம்.

முதல் நாள் நான் பண்ணிய கூத்தைக் கேள். மண்டபத்தில் வாராவாரம் "பாரம் இறக்கும் நாள்" உண்டே, அவரவர் தப்புகளை எழுதி எல்லார் முன்னாலும் நின்று வாசிப்போமே, அந்தப் பழக்கத்தில் இங்கேயும் ஒரு பட்டியலோடு போய் நாற்காலியை விட்டு எழுந்து கையைக் கட்டிக்கொண்டு வாசிக்க ஆரம்பித்துவிட்டேன். தப்பு போதவில்லையென்று பாலைப் பொங்கவிட்டதை இரண்டு தடவை எழுதியிருந்தேன். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. "இதை வாசிக்கணும்னு உங்களுக்குத் தோணுதா, இல்ல வாசிச்சாத்தான் இங்க உக்கார முடியும்னு நெனச்சீங்களா?" என்று கேட்டார். காகிதத்தை நீட்டினேன், அது உங்களுடையது, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அப்புறம் நானும் விடாமல் அவரையே புது வழிகாட்டி ஆக்கப் பார்த்தேன். சாமி கும்பிடலாமா கூடாதா என்று கேட்டேன், அதை நான் சொல்ல மாட்டேன், உங்கள் நம்பிக்கை உங்களுடையது என்றார். திரைக்கு என்ன நிறம் என்றுகூடக் கேட்டேன், அதற்கும் மாட்டேன் என்றுவிட்டார். இவ்வளவு படித்தும் ஒரு நிறம் சொல்லத் தெரியவில்லையே என்று படியிறங்கும்போது முணுமுணுத்தேன். இன்னொரு நாள், தன் வேலையைத் தானும் மாதாமாதம் ஒருவரிடம் சொல்லி, சரியாகச் செய்கிறேனா என்று கேட்டுக்கொள்வதாகச் சொன்னார், என் பெயரைச் சொல்ல மாட்டாராம். உங்களுக்கும் மேலே ஆளா என்று வாயைப் பிளந்தேன். நம் வழிகாட்டிக்கு மேலே கூரை மட்டும்தானே இருந்தது.

நாலாம் மாதம் ஒரு நாள் நான் உன்னைப் பற்றிப் பேசும்போது அழுதுவிட்டேன், அவர் என் தோளில் கை வைத்தார். நான் கட்டையாகிவிட்டேன். மண்டபத்தில் தலையில் கை வந்தால் அடுத்து என்ன வரும் என்று உனக்குத் தெரியும், ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுக்கச் சொல்லுவார்கள். அவர் உடனே கையை எடுத்துவிட்டு, "கேக்காம தொட்டுட்டேன். அது என் தப்பு. மன்னிச்சுக்கங்க" என்றார். அவ்வளவுதான். நல்லதுக்குத்தான் தொட்டேன் என்று சொல்லவில்லை, பரவாயில்லை என்று நான் சொல்வதற்காகக் காத்திருக்கவும் இல்லை. மன்னிப்பு இத்தனை சின்னதாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. உனக்குச் சொல்ல, நீ வீட்டை விட்டுப் போனதிலிருந்து மூன்று வருஷமாக நான் நீளமாக ஒன்றைத் தயார் பண்ணிக்கொண்டிருந்தேன், அதில் பாதிக்கு மேல் என் நியாயம்தான் இருந்தது. அன்று சாயங்காலமே அதைக் கைவிட்டேன்.

போன வாரம், நீ உனக்காக மட்டும் எழுதிவந்த நோட்டைத் திரும்ப வாங்க, கட்டுப் போட்ட கையோடு மண்டபத்துக்குப் போனேன். அப்பா வெளியே ஸ்கூட்டரில் இருந்தார், நான் பயந்து உள்ளேயே உட்கார்ந்துவிடக் கூடாது என்று இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஹாரன் அடிப்பதாக ஏற்பாடு. அவர் அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை அடித்தார். அலமாரிச் சாவி வைத்திருக்கும் அந்த ஒல்லி அக்கா, வழிகாட்டியிடம் அனுமதி வாங்கி வரச் சொன்னார். "நோட்டு என் பொண்ணோடது. கேக்கறதா இருந்தா அவளத்தான் கேக்கணும்" என்றேன். அவர் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டுத் திறந்தார். உன் பச்சை அட்டை நோட்டு மேல்தட்டிலேயே இருந்தது. அதன் கீழே அந்த அக்காவின் மகனுடைய நோட்டும் இருந்தது. அவர் அதைத் தொடவில்லை, நானும் எடுக்கச் சொல்லவில்லை. ஆலோசகரின் நம்பர் வேணுமா என்று மட்டும் கேட்டேன். உள்ளங்கையை நீட்டினார், இடது கையால் எழுதிவிட்டேன்.

நோட்டை நான் திறக்கவில்லை. தபாலில் அனுப்பலாம் என்று பழுப்புக் காகிதமெல்லாம் வாங்கிவிட்டு அப்புறம்தான் உறைத்தது, அதையும் உன்னைக் கேட்கவில்லையே என்று. அனுப்பட்டுமா, நீ வரும்வரை வைத்திருக்கட்டுமா, கிழித்துப்போடட்டுமா, நீ சொன்னபடி செய்கிறேன். ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை என்றாலும் சரி, உன் பழைய மேஜை இழுப்பறையில் பூட்டி இருக்கும், சாவி உன் தங்கையிடம். அவளும் படிக்க மாட்டாள், அச்சடித்த புத்தகமே அவளுக்கு வரிசையில் நிற்கிறது.

இனி நான் சொல்ல வந்தது. உன் நோட்டை உன்னைக் கேட்காமல் எடுத்து, நாற்பது பேர் முன்னால் வாசித்தேன். நீ செருப்பு ஸ்டாண்டு பக்கத்தில் நின்றிருந்தாய், பார்த்தேன், பார்த்தும் நிறுத்தவில்லை. அது என் தப்பு. மன்னித்துக்கொள்.

இதற்குப் பதில் போட்டே ஆக வேண்டும் என்று இல்லை. அந்தக் கடைவாய்ப் பல்லை மட்டும் வைத்தியரிடம் காட்டிவிடு, நீ அப்பாவோடு போனில் பேசும்போது ஒரு பக்கமாக மெல்லுவது பக்கத்தில் இருக்கும் எனக்குக் கேட்கிறது. வேளைக்குச் சாப்பிடு, நன்றாகத் தூங்கு, நீ நினைத்ததெல்லாம் நீ நினைத்தபடியே நடக்கட்டும். கீழே இருக்கும் கோணல் எழுத்து என்னுடையது, இடது கை. அழகாகப் போட்டுத் தருகிறேன் என்று சின்னவள் பேனாவை விடாமல் நிற்கிறாள், இதை மட்டும் நானே போட்டுக்கொள்கிறேன் என்று வாங்கப்போகிறேன்.

என்றும் அன்புடன்,
உன் அம்மா