மரத்த விரலும் சந்தனப் பட்டும்

ஜன. 19, திங்கள்

காலையில் நல்ல பனி. மாம்பலம் ஸ்டேஷன் படியில் ஒரே தள்ளுமுள்ளு. பாண்டி பஜார் திரும்பும்போதுதான் கவனித்தேன், இடது காலில் செருப்பைக் காணோம். எங்கே கழன்றதோ. வெறுங்காலோடு நடந்தது காலுக்கே தெரியவில்லை. நடைபாதையில் புது ஜோடி வாங்கினேன், பின்பக்கம் வார் வைத்தது.

முகூர்த்த மாதம். கடையில் மலை மாதிரி பட்டு. கொசுவம் எடுத்து, அயர்ன் செய்து, ஊக்கு குத்தி, அப்படியே கட்டிக்கொள்ளும்படி அட்டையில் மடித்துக் கொடுக்க வேண்டும். விரல் நுனி எல்லாம் உறை போட்டது போல. ஒரு மடிப்பா இரண்டு மடிப்பா, பிடித்தால் தெரிவதில்லை, கண்ணால் பார்க்க வேண்டியிருக்கிறது.

பக்கத்து மேஜையில் வசந்தா. போன வருஷம் வந்தவள், அதற்கு முன் கோடம்பாக்கத்தில் ஷூட்டிங்குக்குப் புடவை கட்டிவிட்டாளாம். போனில் பேசிக்கொண்டே கொசுவம் எடுக்கிறாள், பார்ப்பது கூட இல்லை. அந்த விரல்களைப் பார்த்தாலே எனக்கு எரிகிறது.

“இன்னாக்கா, கைய உதறிக்கினே கீற?” என்றாள்.

“உன் வேலையைப் பாரு.”

ஜன. 22, வியாழன்

அடையாறு டாக்டரிடம் போனேன். கடையில் பல்வலி என்று சொல்லிவிட்டு.

இரண்டு பல் வைத்த இரும்புக் கவை ஒன்றைத் தட்டிக் கால் கட்டைவிரலில் வைத்தார். “அதிருதா?” இல்லை. கணுக்காலில் வைத்ததும்தான் தெரிந்தது. பயந்துவிட்டேன்.

எத்தனை வருஷமாகச் சுகர் மாத்திரை, என்ன சாப்பாடு என்று கேட்டார். மகளுக்குக் குழந்தை பிறக்க வேண்டிக்கொண்டு கறி, மீன், முட்டை எல்லாம் விட்டதைச் சொன்னேன். பேரன் ஸ்கூலுக்கே போகிறான், நான் இன்னும் தொடவில்லை. பாலும் டீயில் ஊற்றுவதோடு சரி.

“சுகரும் இருக்கு, பி12 சத்தும் குறைஞ்சிருக்கும்னு நினைக்கிறேன்மா. அந்த மாத்திரையும் நாள்பட அதைக் குறைக்கும். நீங்களா நிறுத்திடாதீங்க. முதல்ல ரத்தம் பார்ப்போம்.”

வசந்தா தினமும் மத்தியானம் என் எதிரில் முட்டை தோசை தின்கிறாள். அவள் விரலுக்கு என்ன கேடு.

ஜன. 24, சனி

ரிசல்ட் வந்தது. பி12 ரொம்பக் கம்மி. ஊசி ஆரம்பம். “இதுல கறி ஒண்ணும் இல்லையே டாக்டர்?” என்று கேட்டுவிட்டேன். சிரித்தார். இல்லையாம்.

மறக்காமல் செய்ய:
- வீட்டுக்குள்ளும் செருப்பு
- படுக்குமுன் பாதத்தைக் கண்ணாடியில் பார்க்க, காயம் இருக்கா என்று
- வெந்நீரை முழங்கையால் தொட்டுப் பார்த்து ஊற்ற
- கொதிக்கும் ஒத்தடம் கூடாது (வீட்டுக்காரர் சொன்ன தவிட்டு ஒத்தடம் வேண்டாம்)
- சுகர்!!
- பொறுமை. உணர்ச்சி திரும்பும்போது சுருக்கென்று குத்தலாம், எரியலாம், பயப்படக் கூடாது

வெள்ளிக்கிழமை மயிலாப்பூர் கல்யாணம். அந்த வீட்டு மூத்த பெண்ணுக்கு நான்தான் புடவை கட்டிவிட்டேன், இளையவளுக்கும் நானே வேண்டுமென்று அம்மாக்காரி சொல்லியிருக்கிறாள். கடை மேடம், “வசந்தாவும் கூட வரட்டும், உங்களுக்கு ஒத்தாசை” என்றார். ஒத்தாசையாம். யார் கேட்டது? கையைப் பற்றி மேடத்திடம் மூச்சு விடவில்லை. தெரிந்தால் அடுத்த கல்யாணம் எல்லாம் அவளுக்குத்தான்.

ஜன. 30, வெள்ளி

இருட்டோடு மண்டபம். சந்தன நிறப் பட்டு, மெல்லிய ஜரிகை. ஐயர் கொடுத்து, பெரியவர்கள் கை பட்டு, மஞ்சள் தடவி வந்த முகூர்த்தப் புடவை. அறையில் பெண், நான், வசந்தா.

கொசுவம் நன்றாகவே வந்தது. தோளில் ஊக்கு குத்தினேன். வசந்தா என் மணிக்கட்டைப் பிடித்தாள். “அக்கா. ரத்தம்.”

ஊக்கு என் விரலுக்குள் ஏறியிருக்கிறது. எனக்குத் தெரியவே இல்லை. முந்தானை மடிப்பில் இரண்டு சிவப்புப் பொட்டு. பெண் கண்ணாடியில் நெற்றிச்சுட்டியைச் சரி செய்துகொண்டிருந்தாள், பார்க்கவில்லை.

வசந்தா காதோடு சொன்னாள்: “உன் எச்சிய வச்சுத் தொடச்சிடு. அவங்கவங்க ரத்தத்துக்கு அவங்கவங்க எச்சிதான்.”

தெரியும். கடையில் எத்தனை புடவையில் செய்திருக்கிறோம். ஆனால் முகூர்த்தப் புடவையில் எச்சிலா? அம்மாக்காரி பார்த்தால் புடவையோடு என்னையும் சேர்த்து வெளியே போட்டுவிடுவாள். அதற்குள் கதவைத் தட்டுகிறாள், “ஆச்சாம்மா? நாழியாறது!”

வசந்தா கதவைக் கொஞ்சமாகத் திறந்து குறுக்கே நின்றுகொண்டாள். “மாமி, இடுப்புச் சங்கிலி எங்க கீது? அத்த மொதல்ல எடுத்தாங்க!” மாமி ஓடினாள். நான் எச்சில் வைத்தேன். பஞ்சில் ஒற்ற ஒற்ற வெளுத்தது. மீதிக் கறையை வசந்தா உள்மடிப்புக்குத் திருப்பி, பாக்கி ஊக்கெல்லாம் அவளே குத்தினாள். என்ன வேகம்.

மாமி திரும்பி வந்து பெண்ணைப் பார்த்து நெட்டி முறித்தாள். ஊக்கும் கையுமாக நின்றது வசந்தாதான். “என்ன அழகா கட்டியிருக்கே! உன் நம்பரைக் கொடு, என் நாத்தனார் பொண்ணுக்கும் வரணும்.”

வசந்தா ஒரு தடவை என்னைப் பார்த்தாள். பிறகு நம்பர் கொடுத்தாள். கொடுக்காமல் என்ன செய்வாள். நானாக இருந்தாலும் கொடுத்திருப்பேன்.



ஜன. 31, சனி

மேடத்திடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. காத்திருந்தேன், மாலை வரை சொல்லவில்லை. என் மேஜைக்கு வந்து, “மருந்து எடுக்கிறியாக்கா? எங்க நைனாக்கு சுகரு, கால்ல ஆணி ஏறி மூணு நாள் தெர்ல. வெரலே எடுத்துட்டாங்க. அலட்சியமா இருக்காத,” என்றாள்.

கெட்டவளாக இருந்திருந்தால் எவ்வளவு நிம்மதியாக வெறுத்திருப்பேன்.

பிறகு நானே மேடத்திடம் போய்க் கையைப் பற்றிச் சொன்னேன். “சரியாகுற வரைக்கும் நேர்ல போய்க் கட்டுறது வசந்தா, நீங்க கடையில மடிப்பு” என்றார். எதிர்பார்த்ததுதான். பாத்ரூமில் போய் அழுதேன்.

பிப். 27, வெள்ளி

வெயில் ஆரம்பித்துவிட்டது. ஊசி இனி மாதம் ஒன்று. சுகர் பரவாயில்லை. பாதத்தில் காயம் இல்லை.

வசந்தா காலையிலேயே அந்த மாமியின் நாத்தனார் பெண் கல்யாணத்துக்குப் போய்விட்டாள். அவள் மேஜை காலி. நான் ஒரு பச்சைப் பட்டுக்கு ஊக்கு குத்திக்கொண்டிருந்தேன். ஆள்காட்டி விரலில் சுருக்கென்றது. கையை இழுத்துக்கொண்டேன். மறுபடி வேண்டுமென்றே குத்திப் பார்த்தேன். வலித்தது! சின்னதாக, ஆனால் வலி.

முதலில் அவளிடம் சொல்லத்தான் போனை எடுத்தேன். சொன்னால் நிஜமாகவே சந்தோஷப்படுவாள். எனக்கு மனசு வரவில்லை, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.