கடைமடை வரியின் நிறம்

ஜூலை 14, திங்கள்

காலையிலேயே புழுக்கம். பத்து மணிக்குப் போன கரண்ட் பன்னிரண்டுக்குத்தான் வந்தது.

பாசனச் சங்கத்துக்கான சாஃப்ட்வேர் கிட்டத்தட்ட முடிந்தது. இன்று யார் வயலுக்குத் தண்ணீர் முறை என்று சங்க ஆபீஸ் கம்ப்யூட்டர் காட்டவேண்டும். கிளை கிளையாக விரியும் பட்டியல்: ஆறு, உள்ளே வாய்க்கால், கிளை வாய்க்கால், கிளைக்குள் கிளை, வயல்.

ஒரே தொல்லை. வாய்க்கால் வரியைத் தொட்டால் அதற்குள் இருக்கும் அத்தனை பேரும் சேர்ந்து நீலமாகிறார்கள். தாய் வரிக்குப் போட்ட நிறம் அதற்குள் இருக்கும் பிள்ளை வரிகளையும் மூடிவிடுகிறது. மத்தியானம் முழுக்க மல்லுக்கட்டி, தொட்ட வரியின் பெயருக்கு மட்டும் நிறம் என்று பிரித்தேன். அடங்கியது.

வெள்ளிக்கிழமை சங்கம் முடிவு சொல்லும். ஒரு உறுப்பினர் வேண்டாம் என்றாலும் எடுக்கமாட்டார்கள். வேலைக்குக் கூப்பிட்ட சென்னைக் கம்பெனிக்கும் அன்றைக்குள் பதில் சொல்லவேண்டும். இங்கே சரிவந்தால் நான் போவதாக இல்லை. என் வீட்டுக்காரர் சொன்னார்: "போறதா இருந்தா கேஸ் புக் பண்ணிட்டுப் போ." கிண்டல்தான். ஆனால் இரண்டாம் முறை சோறு வாங்கவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

தோசை மாவு புளித்துவிட்டது. பட்டுக்கோட்டையில் மவுஸ் வாங்கவேண்டும்.

இன்று அழகு வேலை. உள்ளே போகப் போக எழுத்து மங்கும்படி, ஒவ்வொரு அடுக்கிலும் முந்தையதில் எண்பது சதவீதம். நானே நாலு தரம் விரித்துச் சுருக்கி ரசித்தேன். பெருமை தாங்கவில்லை.

ஜூலை 16, புதன்

சங்க ஆபீஸில் காட்டினேன். சுவரில் பெரிய டிவி. செயலாளர் வயல் நேரே வாய்க்காலில் இருப்பதால் மூன்றாம் அடுக்கு, தெளிவாகவே இருந்தார். "நல்லா இருக்கும்மா" என்றார். இருக்காதா பின்னே.

ராசாத்தி அக்கா வயல் தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் கடைமடை. கிளைக்குள் கிளை, ஐந்தாம் அடுக்கு. எழுந்து டிவிக்குக் கிட்டேயே போய்விட்டார்.

"எம் பேரு இல்லியே."

"இருக்குக்கா, இதோ."

கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "தண்ணிதான் எங்களுக்குக் கடைசில வருது. எழுத்துமா?"

யாரும் சிரிக்கவில்லை. எண்பதில் எண்பது, அதில் எண்பது என்று போனால் ஐந்தாம் அடுக்கில் பாதிகூட மிஞ்சாது. கணக்குத் தெரிந்தும் செய்தேன். வெட்கமாக இருந்தது.

"இது எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஜூலை 17, வியாழன்

மங்கலை எடுத்தேன். எல்லா அடுக்குக்கும் ஒரே கறுப்பு. உள்ளே தள்ளி நிற்பதே போதும், யார் யாருக்குள் என்று தெரிகிறது.

அக்காவுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். கொஞ்சம் இறங்கி வந்தார். "நான் கடைசில இருக்கறது எனக்கே தெரியும். எனக்கு மேல யாரு மொறை முடிஞ்சும் மடைய அடைக்காம வெச்சிருக்காங்க, அதக் காட்டுமா ஒன் பொட்டி?"

காட்டும். வாய்க்கால் பார்க்கும் ஆள் மடை அடைத்ததைப் போனில் சொன்னால் ஆபீஸில் டிக் போடுகிறார்கள். நேரம் தாண்டியும் டிக் இல்லையென்றால் அந்த வரி மட்டும் சிவப்பு. ஒரு மணி நேர வேலை. மவுஸ் வாங்க மறந்தேன்.

ஜூலை 18, வெள்ளி

லேசான தூறல், நின்றுவிட்டது.

ஆபீஸ் நிறைய ஆள். ராசாத்தி அக்கா முதல் நாற்காலி. பட்டியலை விரித்தேன். கறுப்பு வரிகளுக்கு நடுவே ஒரே ஒரு சிவப்பு. செயலாளர் வயல். போயிற்று, சென்னைக்குப் பெட்டியைக் கட்டவேண்டியதுதான்.

செயலாளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அப்புறம் போனை எடுத்து வயலில் இருந்த தன் ஆளைக் கூப்பிட்டார். "மணி, மடைய அடைச்சுடுப்பா. இல்ல, இப்பவே. இங்க நான் செவப்பா நிக்கிறேன், எல்லாரும் பாக்குறாங்க."

ஆபீஸே சிரித்தது. அவரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக. பிறகு அக்காவைப் பார்த்துக் கேட்டார்: "என்னம்மா, எடுத்துக்கலாமா?"

"எடுத்துக்கிட்டாதான் மடைய அடைப்பீங்க போலருக்கு" என்றார் அக்கா.

எடுத்துக்கொண்டார்கள். வாசலுக்கு வந்து சென்னைக்கு 'வரவில்லை' என்று ஒரே வரி அனுப்பினேன். பிறகு வீட்டுக்காரருக்குப் போன். "நான் போகலை. கேஸ் நீங்களே புக் பண்ணுங்க" என்றேன். "அப்ப ராத்திரிக்குச் சோறு கூடவே வடி" என்றார்.