அத்தையின் கம்ப்யூட்டரில் ஒரு மலிவு பிராசசர்

மார்ச் 4

மாடியில் அத்தையின் கம்ப்யூட்டர் கத்துகிறதென்று தூசி தட்டப் போனேன். ஆன் செய்ததும் திரையில் பிராசசரின் பெயர் வந்தது. அதேதான்! சில மாதங்களே விற்று, யாரும் சீந்தாமல் நிறுத்திவிட்ட மட்ட ரகம். விலை உயர்ந்ததையெல்லாம் சேர்க்க ஆயிரம் பேர் உண்டு. எனக்கு மலிவுதான் வேண்டும். நான் பழைய பிராசசர்களைச் சேர்த்து வைக்கும் பெட்டியில் காலியாக இருக்கும் ஒரே குழி இதற்குத்தான். பழைய சாமான் கடை ஒன்று விடாமல் தேடினேன். கழுதை, என் மாமியார் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிறது!

மார்ச் 5

"புதுசு வாங்கித் தரேன் அத்தை."

"எதுக்கு? நான் சீட்டு ஆட இது போதும்."

உண்மையைச் சொல்லிக் கேட்கச் சொல்கிறார் என் வீட்டுக்காரர். கேட்பதாவது! நமக்கு ஆசை என்று தெரிந்தால் அந்தம்மாள் பிடித்த பிடியை விடமாட்டார்.

மார்ச் 9

அத்தையைக் கண் டாக்டரிடம் இவர் அழைத்துப் போனார். நான் ஸ்க்ரூடிரைவரோடு மாடிக்கு. திருட்டு இல்லை — மாற்றுவதுதான். என்னிடம் இரண்டாக இருக்கும் வேகமான ஒன்றைப் போட்டுவிடுவேன். லாபம் அவருக்குத்தானே? (யாரிடம் நியாயம் பேசுகிறேன்?)

மெஷினை ஓடவிட்டுச் சூடாக்கினால்தான் பிராசசர் மேல் காய்ந்த பசை இளகும். அதை மறந்து மேலிருந்த விசிறியை இழுத்தேன். பிராசசரும் சேர்ந்து பிய்த்துக்கொண்டு வந்தது. அதன் அடியில் இருக்கும் மெல்லிய பின்கள் ஒரு மூலையில் அப்படியே சாய்ந்துவிட்டன. ஐயோ பாவி! வாசலில் கார் சத்தம் வேறு. மாற்றை மாட்டி மூடிவிட்டு, துடைப்பத்தோடு நின்றேன்.

"அதிசயமா இருக்கே, என் ரூமெல்லாம் பெருக்கறே?"

மார்ச் 10

பல்செட் செய்கிற வேலை இன்றைக்குத்தான் எனக்கு உதவியது. மதிய இடைவேளையில் லேப் ஊசியால் ஒவ்வொரு பின்னாக நிமிர்த்தினேன். ஒன்றும் உடையவில்லை. அப்பாடா!

மார்ச் 12

மாட்டிக்கொண்டேன்.

"என் கம்ப்யூட்டரை என்னம்மா பண்ணினே?"

"ஒண்ணும் பண்ணலையே அத்தை."

"பொய் சொல்லாதே. அதை ஆன் பண்ணிட்டுத்தான் தலை பின்னுவேன். பின்னி முடிக்கவும் சீட்டு வரவும் சரியா இருக்கும். இப்ப பாதிப் பின்னல்லயே வந்து நிக்குது. அவசர அவசரமாப் பின்னி, பாரு, எல்லாம் கோணல்!"

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், சாய்ந்த பின்கள் உட்பட. பிராசசரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்த வில்லைக்கா இவ்வளவு கள்ளத்தனம்?"

திருப்பி மாட்டிவிடுகிறேன் என்றேன். அழுகையே வந்துவிட்டது, சத்தியமாக.

"சரி, சரி, நீயே வெச்சுக்கோ. ஆனா தினமும் காலைல நீதான் வந்து பின்னி விடணும். நான் பாட்டுக்குச் சீட்டு ஆடுவேன்."

மார்ச் 13

லேபுக்குத் தாமதம்.

மார்ச் 20

பெட்டியில் ஒரு குழிகூடக் காலி இல்லை. பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கிறது. உட்கார்ந்து பார்க்கத்தான் நேரமில்லை. ஒற்றைப் பின்னல் அத்தைக்கு அலுத்துவிட்டதாம். இன்று இரட்டைப் பின்னல் கேட்டார்.